பன்னீர்த் திராட்சையும் பார்பரெஸ்கோச் சங்கமும்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிக் கடைவீதிகளில் விற்கும் கருநிறப் பன்னீர்த் திராட்சையை நம் அங்கத்தினர் யாவரும் அறிவர். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பந்தலிட்டு வளர்க்கப்படுவது அது. மஸ்கட் ஹாம்பர்க் என்பது பயிர்நூலார் வழங்கும் பெயர். பிரெஞ்சுப் பாதிரிமார் இதனைத் தமிழகத்துக்குக் கொணர்ந்தனர் என்பது வழிவழியாக வரும் செய்தி. இதன் மூதாதைக் கொடிகளுள் ஒன்றாகிய மொஸ்காத்தோ பியாங்கோ, இத்தாலியின் வடமேற்கிலுள்ள பியமோந்தே நாட்டில் இன்றும் பயிராகிறது. ஆஸ்தி என்னும் நுரைததும்பும் இனிய மது அதன் பழத்தினின்றே வடிக்கப்படுகிறது.

கூட்டுறவு இதழில் மதுவுக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். குடிப்பழக்கத்தை வளர்ப்பது நம் நோக்கமன்று. ஓர் ஊரின் பெயர் அவ்வூர் உழவரின் பொதுச்சொத்தான வரலாற்றையே ஈண்டு எடுத்துரைக்கின்றோம்.

பியமோந்தேயின் மதுவகைகளுள் உலகப் புகழ் பெற்றவை பரோலோ, பார்பரெஸ்கோ ஆகிய இரண்டுமாம். இரண்டும் ஊர்ப்பெயர்கள், இரண்டும் நெப்பியோலோ என்னும் ஒரே பழத்தினின்று ஆவன. பரோலோவை 38 மாதங்களும் பார்பரெஸ்கோவை 26 மாதங்களும் முதிரவைத்த பின்னரே விற்கலாம் என்பது சட்டம். அக்காலத்தில் முன்னது 18 மாதங்களும் பின்னது 9 மாதங்களும் மரப்பீப்பாயில் இருத்தல் வேண்டும். பார்பெரா, தொல்செத்தோ என்பன அந்நாட்டார் அன்றாட உணவோடு அருந்துபவை.

பார்பரெஸ்கோவுக்குத் தொடக்கத்தில் இப்பெருமை இல்லை. அவ்வூர்ப் பழம் வெளியூர் வணிகரிடம் சென்று பரோலோ செய்யப் பயன்பட்டது. உழைத்தவர் ஓர் ஊரார். பெயர் பெற்றதோ மற்றோர் ஊர்! 1894-ஆம் ஆண்டில், ஆல்பா நகரத்து மதுத்தொழிற் பள்ளியின் தலைவர் தொமித்சியோ கவாட்சா, தோட்டக்காரர் ஒன்பதின்மரைச் சேர்த்துத் தம் கோட்டையிலேயே கூட்டுறவு ஆலை ஒன்றை அமைத்தார். பார்பரெஸ்கோ என்னும் பெயர் அங்கே நிலைபெற்றது. ஆயினும் 1920-களில் பாசிச ஆட்சியின் பொருளாதார விதிகளால் ஆலை மூடப்பட்டது.

மீண்டும் அது தழைத்தது 1958-இல். சிறு நிலமுடையோர் தனித்தனியே நின்று பிழைக்க இயலாதென உணர்ந்த அவ்வூர்ப் பாதிரியார், 19 குடியானவரைக் கூட்டிப் புதிய சங்கம் கண்டார். கட்டிடம் ஏது? முதல் மூன்றாண்டு மதுவும் மாதா கோவிலின் நிலவறையிலேதான் வடிக்கப்பட்டது. அங்கத்தினர் தம் நெப்பியோலோப் பழம் முழுவதையும் சங்கத்துக்கே அளித்தல் வேண்டும். விலை, பழத்தின் தரத்தைப் பொறுத்து வழங்கப்படும். நல்ல ஆண்டுகளில் ஒன்பது தோட்டங்களின் மது அவ்வத் தோட்டத்தின் பெயரோடு தனித்து வெளிவரும். விளைவு தாழ்ந்த ஆண்டிலோ எல்லாம் கலக்கப்பட்டு ஊர்ப்பெயரால் மட்டுமே விற்கப்படும். சங்கத்தின் நாணயம் இதில் விளங்குகின்றது. நல்ல விலை கிடைக்கும் நாளில் வெளி வணிகரை நாடும் அங்கத்தினர் எல்லா நாட்டிலும் உண்டு. நம் சங்கங்களும் அதனை அறியாதன அல்ல.

நம் நாட்டில் ஊர்ப்பெயரைக் காக்கும் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் இயற்றப்பெற்று 2003-இல் நடைமுறைக்கு வந்தது. காஞ்சிபுரம் பட்டு முன்னரே அக்குறியீடு பெற்றது; கம்பம் பன்னீர்த் திராட்சை 2023-இல் பெற்றது. ஆனால் பதிவினால் மட்டும் தோட்டத்து வாயிலில் விலை ஏறிவிடாது. கொடியிலேயே பழத்தை விலைபேசிக் கொள்ளும் வியாபாரியிடம், தரம் பிரித்துச் சேர்த்து விற்கும் சங்கமே எதிர்நின்று பேச வல்லது.

சட்டப்படி, குறியீடு பெற்ற பொருளை விளைவிப்போரும் நெய்வோரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தம்மைத் தனியே பதிந்துகொள்ளலாம். குறியீட்டுப் பதிவு பத்தாண்டுகளுக்கே செல்லும். பின்னர்ப் புதுப்பித்தல் வேண்டும். காஞ்சியில் தறியோ உறவோ உடைய நெசவாளர் அங்கத்தினர், தம்மவர் பெயர் அப்பட்டியலில் ஏறியுள்ளதா என்பதை அங்குள்ள சங்கத்தாரிடம் கேட்டறிதல் நலம்.