தவளைத் தோலில் பூஞ்சை: கையிலிருக்கும் காசுக்கு எந்தச் சோதனை?

மழைக்கால இரவில் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் டார்ச்சோடு இறங்கும் சிறு குழுக்களுக்காக இதை எழுதுகிறேன். கைட்ரிட் பூஞ்சையால் உலகில் குறைந்தது 501 இருவாழ்வி இனங்கள் சரிந்ததாக 2019-இல் ஒரு கணக்கு வந்தது. அந்தப் பூஞ்சை நம் மலைகளிலும் இருக்கிறது. ஆனால் இங்கே தவளைகள் கொத்துக்கொத்தாகச் செத்து மிதப்பதில்லை. சில தவளைகளில் மட்டும், அதுவும் மிகச் சொற்பமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. சோதனையைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மறக்கவே கூடாது.

செலவே இல்லாதது கைலென்ஸ். தலைப்பிரட்டையின் வாயோரக் கறுப்புத் தாடை வெளிறியிருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் வேறு காரணங்களாலும் அது வெளிறும். தவிர, நம் புதர்த்தவளைகள் பலவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளிருந்தே குட்டித் தவளையாக வெளிவருகின்றன. அங்கே லென்ஸுக்கு வேலையில்லை.

கொரோனா கிட் போன்ற பட்டைச் சோதனை ஓடைக்கரையிலேயே விடை சொல்லும். தொற்று முற்றிய இடத்துக்கு அது சரி. சொற்பத் தொற்றைத் தவறவிட்டு, ‘இல்லை’ என்று நம்மை நம்பவைத்துவிடும் என்பதுதான் என் பயம். பூஞ்சையின் டி.என்.ஏ.வைப் பெருக்கிக் காட்டும் லாம்ப் முறைக்கு 60–65 டிகிரி சூடு ஒரே சீராக இருந்தால் போதும், விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. ஆனால் ஒரு குழாயின் துளி அடுத்ததில் பட்டாலே பொய்யான ‘உண்டு’ வரும். பழகிய கை வேண்டும். நீரை வடிகட்டிப் பார்த்தால் குளத்தில் பூஞ்சை உண்டா என்று தெரியும், எந்தத் தவளைக்கு என்று தெரியாது.

என் தேர்வு பஞ்சுக்குச்சியும் ஆய்வகப் பி.சி.ஆரும்தான். தவளையை மெல்லப் பிடித்து அடிவயிறு, தொடையின் உட்புறம், பின்கால் விரலிடைச் சவ்வு என ஒவ்வொன்றிலும் குச்சியை ஐந்தைந்து முறை இழுங்கள். குச்சியை வெயிலில் நிற்கும் ஜீப்பில் விட்டுவிடாதீர்கள். பல குச்சிகளை ஒரே குழாயில் போட்டால் செலவு குறையும். நம் பக்கத்துச் சொற்பத் தொற்று அதில் கரைந்து மறையவும் கூடும். நூற்றுக்கு ஐந்து தவளைக்குத் தொற்று இருக்கிற இடத்தில், அறுபது தவளைகளைத் துடைத்தால் ஒன்றாவது சிக்க 95 சதவீத வாய்ப்பு உண்டு.

ஆய்வகத்திடம் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: எந்த மரபணுத் துண்டைத் தேடுகிறீர்கள்? இந்தியப் பூஞ்சை வகைகள் பலவிதம் என்பதால், ஹைதராபாத் சி.சி.எம்.பி. உயிரியல் ஆய்வு மையத்தினர் 2018-இல் இதற்கென்றே ஒரு சோதனையை வெளியிட்டார்கள்.

வனத்துறை அனுமதி கைக்கு வந்ததும் முதலில் கையுறை வாங்குங்கள், ஒவ்வொரு தவளையைத் தொடவும் ஒரு புது ஜோடி. ஓடை மாறும்போது பூட்ஸைத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினி போட்டு, நன்றாக உலர்த்திய பிறகே அடுத்த நீரில் கால் வையுங்கள்.