கண்ணாடி மணிகள் உணர்த்தும் தொழில் வரலாறு

அருங்காட்சியகங்களில் காண்போரை முதலில் கவர்பவை மொசைக் கண்ணாடி மணிகளே. பல வண்ணக் கண்ணாடிக் கோல்களைக் கட்டாக அடுக்கிச் சூடேற்றி, ஒன்றாக ஒட்டச் செய்து, நீள இழுத்து, குறுக்கே வில்லைகளாக நறுக்குவது அவற்றின் செய்முறையாகும். கோல் மெலிந்தாலும் அதன் குறுக்குவெட்டில் உருவம் சிதைவதில்லை. உரோமானியர் காலத்தில், மனித முகம் அமைந்த மணிகளும் இம்முறையில் செய்யப்பட்டன.

தமிழகக் கடற்கரையில் வேறொரு முறை சிறப்புற்றது. புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினரும் அகழாய்வு நடத்தினர். உரோமானிய மதுச்சாடிகளின் துண்டுகளோடு கண்ணாடி மணிகளும் அங்கே மிகுதியாகக் கிடைத்தன. உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி விளிம்புகளை மழுக்கி இம்மணிகள் செய்யப்பட்டன. பெரும்பாலானவை ஒரே வண்ணம் கொண்டவை. 6 மில்லிமீட்டருக்கும் சிறியவை. ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் இவ்வகைக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' எனப் பெயரிட்டார். இலங்கையின் மாந்தை, வியட்நாமின் ஓக் இயோ ஆகிய இடங்களிலும் இவை கிடைத்துள்ளன.

பொருளாதார நோக்கில் இவ்வெளிய மணியே கூடுதல் கவனத்திற்குரியது. மொசைக் மணியில் ஒவ்வொன்றுக்கும் தனி உழைப்பு தேவை; இழுத்த குழல் ஒன்றோ எண்ணற்ற மணிகளைத் தரும். உலை காத்தல், இழுத்தல், நறுக்குதல், கோத்தல் எனப் பணிகளைப் பகிர்ந்து செய்யவும் இம்முறை இடமளித்தது. விலை குறைந்ததால் சந்தை விரிந்தது. திருப்பதிக்கு அருகிலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் 20ஆம் நூற்றாண்டிலும் இம்முறை கைத்தொழிலாக நீடித்தது. அத்தொழிலாளரின் செய்முறையைக் கண்டே பண்டைய நுட்பத்தை ஆய்வாளர்கள் தெளிவுற விளங்கிக்கொண்டனர்.

எனினும், மண்ணின் எந்த அடுக்கில், எப்பொருள்களோடு கிடைத்தது என்ற குறிப்பு இருந்தால்தான் மணி வரலாற்றுச் சான்றாகும். வேதியியல் பகுப்பாய்வு கண்ணாடியின் கலவையை அறிவிக்கும். இழந்த அடுக்கை அறிவிக்காது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டுமென விதித்தது. ஒரு சிறு மணியின் சான்று மதிப்பை அத்தகைய விலைக் கணக்கால் அளக்க இயலாது. ஆதலின், கட்டுமானப் பணிகளில் மணிகள் வெளிப்படுமிடத்து, அவற்றைப் பொறுக்கிச் சேர்ப்பதைத் தவிர்த்து, இடத்தைக் காத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பதே அலுவலரின் முதற்கடமையாகும்.