வாய்ச் சுகாதாரமும் தசை வலிமையும்

மாணவர்களே, "பல் துலக்குவது பற்சிதைவைத் தடுப்பதற்காக" என்று மட்டும் எழுதினால் விடை முழுமை பெறாது. வளர்ந்தோரின் வாய்ச் சுகாதாரத்திற்கும் தசை வலிமைக்கும் இடையே தொடர்பு காணப்படுகின்றது. இதனைப் படிமுறையாக விளங்கிக்கொள்ளுங்கள்.

தசை வலிமையை அளத்தல்

உடலின் பொதுவான தசை வலிமையை அறியக் கைப்பிடி வலிமை அளக்கப்படும். ஆண்களில் 28 கிலோகிராமிலும் பெண்களில் 18 கிலோகிராமிலும் குறைந்தால் அது வலிமைக் குறைவு என ஆசிய நிபுணர் குழுவொன்று 2019இல் வரையறுத்தது.

தொடர்பு ஏற்படும் வழிகள்

1. போசணை: பற்களை இழந்தவர் இறைச்சி, கடலை, பழம் போன்றவற்றைத் தவிர்த்து மென்மையான மாவுணவையே நாடுவார். புரதம் குறையும், தசை மெலியும்.

2. அழற்சி: பற்படலத்திலுள்ள பற்றீரியாக்களால் முரசு அழற்சியடையும். அது நீடித்தால் அழற்சிப் பதார்த்தங்கள் குருதியில் கலந்து தசைப் புரதம் சிதைவதைத் தூண்டக்கூடும்.

3. எதிர்த்திசை: கை வலிமை குன்றிய முதியவரால் பற்களைச் சரிவரத் துலக்க முடியாது.

கவனிக்க: தொடர்பு வேறு, காரணம் வேறு. முதுமை, புகைத்தல், நீரிழிவு, வறுமை என்பன வாயையும் தசையையும் ஒருங்கே பாதிக்கும். எனவே "பல் துலக்கினால் தசை வளரும்" என எழுதுவது பிழை. தசையை வளர்ப்பவை உடற்பயிற்சியும் போதிய புரதமுமே. வாய்ச் சுகாதாரம் அப்புரதத்தை உண்ண வழிசெய்கின்றது.

உதாரணம்: 80 வயதிலும் 20 பற்களைப் பேணுவோம் என்னும் இயக்கத்தை ஜப்பான் 1989இல் தொடங்கியது.

மாதிரி வினா

70 வயதான பாட்டி ஒருவர் பல பற்களை இழந்துள்ளார். தேநீரில் தோய்த்த பாணையே உண்கிறார். தண்ணீர் வாளியைத் தூக்க முடியவில்லை என்கிறார்.

(அ) வலிமைக் குறைவுக்கு ஏதுவாகக்கூடிய காரணங்கள் இரண்டு தருக.
(ஆ) குடும்பத்தினர் செய்யத்தக்கவை மூன்று தருக.

விடை

(அ) புரதக் குறைபாடு. முதுமையால் தசை மெலிதல்.
(ஆ) பல் வைத்தியரிடம் காட்டுதல். முட்டை, மீன், மசித்த பருப்பு கொடுத்தல். புளோரைட்டுப் பற்பசையால் நாளுக்கு இருமுறை துலக்க உதவுதல்.

இத்தகைய பாட்டி உங்கள் வீட்டிலும் இருக்கலாம். (ஆ) பகுதியை வினாத்தாளுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடாதீர்கள். இன்றே செய்து பாருங்கள்.