புண்ணாக்கு எங்கே போனது?
கறவை மாடு வளர்ப்போர் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு

வருமானம் இல்லாத குடும்பங்களுக்குக் கறவை மாடு வாங்கிக் கொடுப்பது ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் நெடுநாளாகச் செய்து வரும் நற்பணி. மாட்டின் விலை ஒருமுறைச் செலவு. தீவனமோ அன்றாடச் செலவு. அதிலும் கையைக் கடிப்பது புண்ணாக்குதான். முன்பு ஊர்ச் செக்கடியில் கிடைத்த இந்தப் பொருள் இன்று ஏன் தொலைதூரச் சந்தைகளைப் பார்த்து விலை ஏறி இறங்குகிறது என்பதை இவ்விதழில் ஆராய்வோம்.

செக்கடிக் காலம்

பழைய வட ஆற்காடு, தென் ஆற்காடு மாவட்டங்கள் நிலக்கடலைக்குப் பெயர் பெற்றவை. அங்கே அதை இன்றும் மல்லாட்டை என்பார்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரித் துறைமுகம் வழியாக பிரான்சின் மார்செய் நகர எண்ணெய் ஆலைகளுக்கு இந்தக் கடலை கப்பலேறியது. உள்ளூரில் ஆட்டியதில் எண்ணெய் வீட்டுக்கும், புண்ணாக்கு மாட்டுக்கும் போனது. 100 கிலோ பருப்பை ஆட்டினால் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகவே புண்ணாக்கு மிஞ்சும். புரதமோ 40 சதவீதத்துக்கு மேல். எள், தேங்காய்ப் புண்ணாக்குகளும் அந்தந்தப் பகுதியில் துணைக்கு இருந்தன.

பூஞ்சை தந்த அடி

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை உண்டாக்கிய அஃப்ளடாக்சின் என்ற நஞ்சே காரணம் என்று பின்னர் கண்டறிந்தார்கள். ஐரோப்பிய நாடுகள் படிப்படியாகக் கட்டுப்பாடுகளை இறுக்கின. இந்தியக் கடலைப் புண்ணாக்குக்கு இருந்த ஐரோப்பியச் சந்தை சுருங்கிப் போயிற்று.

சோயாவின் வருகை

1970 வாக்கில் இந்தியாவில் சோயா பயிரான பரப்பு சுமார் 30,000 ஹெக்டேர் மட்டுமே. இன்று அது ஒரு கோடி ஹெக்டேரைத் தாண்டிவிட்டது. மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் மாநிலங்களே இதில் முன்னிலை வகிக்கின்றன. 1986இல் மத்திய அரசு தொடங்கிய எண்ணெய்வித்துத் தொழில்நுட்ப இயக்கமும் இவ்வளர்ச்சிக்குத் துணை நின்றது. சோயாவில் எண்ணெய் 18 முதல் 20 சதவீதமே. ஏறத்தாழ 80 சதவீதம் புண்ணாக்கு. நாமக்கல் கோழிப்பண்ணைகள் இதை நம்பியே இயங்குகின்றன. வெளிநாட்டு ஏற்றுமதியும் உண்டு.

இதே காலத்தில் தமிழகத்தில் கடலைச் சாகுபடி 1990களின் தொடக்கத்தில் இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. மழை தவறுதல், ஆள் பற்றாக்குறை, மாற்றுப் பயிர்கள் எனக் காரணங்கள் பல. இன்று நாட்டின் கடலை விளைச்சலில் முதலிடம் குஜராத்துக்கு.

எண்ணெய் வருகிறது, புண்ணாக்கு வருவதில்லை

பலரும் கவனிக்காத செய்தி இதுதான். 1994இல் பாமாயில் இறக்குமதியை அரசு தனியாருக்குத் திறந்துவிட்டது. இன்று நாம் உண்ணும் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு. இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து பாமாயிலும், அர்ஜென்டினாவிலிருந்து சோயா எண்ணெயும், ரஷ்யா, உக்ரைனிலிருந்து சூரியகாந்தி எண்ணெயும் வருகின்றன. விதையை அங்கேயே ஆட்டிவிடுவதால் புண்ணாக்கும் அங்கேயே தங்கிவிடுகிறது. நம் அடுப்புக்கு எண்ணெய் மலிவாகக் கிடைத்தபோது, நம் தொழுவத்துக்கு வரவேண்டிய தீவனம் குறைந்தது. எண்ணெய் விலையை மட்டும் பார்ப்பவருக்கு இந்த இழப்பு தெரியாது. மாடு வளர்ப்பவர்தான் அதைச் சுமக்கிறார்.

இருக்கும் புண்ணாக்கும் சந்தையின் கையில். 2021இல் சோயா புண்ணாக்கின் விலை சில மாதங்களில் இரட்டிப்பானது. அந்த ஆகஸ்டில், மரபணு மாற்றப்பட்ட சோயாவின் புண்ணாக்கு 12 லட்சம் டன் இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதித்தது. கடைக்கோடி கிராமத்தில் ஒற்றை மாடு வைத்திருக்கும் தாய்க்கு இந்தச் செய்தி எட்டியிருக்காது; கடைக்காரர் சொன்ன விலை எட்டியிருக்கும்.

நாம் செய்ய வேண்டியவை

1. மாடு வழங்கும் முன் தீவனக் கணக்கு போடுவோம். 10 லிட்டர் கறக்கும் கலப்பின மாட்டுக்கு, உடல் பராமரிப்புக்கு ஒன்றரைக் கிலோ, பாலுக்கு இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் நான்கு கிலோ, ஆக நாளொன்றுக்கு ஐந்தரைக் கிலோ அடர்தீவனம் தேவை. மாதத்துக்கு 165 கிலோ. இதை உள்ளூர் விலையால் பெருக்கி, பால் வருமானத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். முதல் சில மாதத் தீவனத்தையும் உதவித் தொகையில் சேர்ப்பது நல்லது.

2. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, அறுவடைக் காலத்தில் ஆலையில் நேரடியாக வாங்கலாம். ஆனால் ஈரமில்லாத இடத்தில், தரையில் படாமல் பலகை மேல் அடுக்க வேண்டும். பூஞ்சை பிடித்ததை மாட்டுக்கு வைக்கவே கூடாது. அந்த நஞ்சின் கூறு பாலிலும் இறங்கும். அதைக் குடிப்பது நம் குழந்தைகள்.

3. அகத்தி, வேலிமசால், காராமணி போன்ற புரதம் மிக்க பசுந்தீவனத்தை வேலியோரத்திலும் கொல்லையிலும் வளர்ப்போம். புண்ணாக்குச் செலவில் ஒரு பகுதியை இவை ஈடுகட்டும். நிலமில்லாதோர் சிறு தொட்டியில் அசோலா வளர்க்கலாம்.

ஒரு குடும்பத்துக்கு மாடு கொடுத்தோம் என்பதோடு நம் பொறுப்பு முடிவதில்லை. அந்த மாடு ஓராண்டு கழித்தும் அந்த வீட்டுத் தொழுவத்தில் நிற்கிறதா, தீவனக் கடனுக்காக விற்கப்பட்டுவிட்டதா என்று பார்ப்பதும் நம் கடமையே. உங்கள் பகுதியின் தீவன விலையையும் பால் விலையையும் எழுதி அனுப்பினால், அடுத்த உதவித் திட்டத்தை வகுக்கும்போது அது நமக்குப் பேருதவியாக இருக்கும்.