பத்தா, பதினொன்றா?

அன்பு மகளுக்கு,

வீட்டிலிருந்தே டிடிபி வேலை பார்க்கும் உன் கணினியில் விண்டோஸ் 10-ஐயே வைத்துக்கொள்ளலாமா, இல்லை புதுக் கணினி வாங்கி விண்டோஸ் 11-க்குப் போய்விடலாமா என்று கேட்டிருந்தாய். கடைக்காரர் உடனே மாற்றச் சொல்கிறார். நன்றாக ஓடுவதை ஏன் தொடுகிறாய் என்கிறாள் உன் தோழி. இரண்டு பேருமே எது பழையது, எது புதியது என்பதை வைத்துத்தான் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் நீ பார்க்க வேண்டியது வேறு. அன்றாடம் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் உன் கணினிக்கு வருகிறதா? வந்தால் எந்தத் தேதிவரை வரும்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் காசுக் கணக்குதான்.

விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலையில். அதற்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. மறுநாள் எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. அதனால்தான் தோழி சொல்வது உனக்கு நியாயமாகப் படுகிறது. ஆனால் 10-க்கும் 11-க்கும் உள்ளே இருக்கும் நிரல்களில் பெரும்பகுதி பொதுவானது. மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை 11-க்குப் பாதுகாப்பு அப்டேட் வெளியாகிறது. திருத்துவதற்கு முன்பிருந்த கோப்பையும் திருத்திய கோப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், ஓட்டை எந்த இடத்தில் இருந்தது என்பது விவரம் தெரிந்தவனுக்குப் பிடிபட்டுவிடும். அதே ஓட்டை 10-இல் அடைபடாமல் கிடந்தால் அவனுக்கு வேலை சுலபம். ஆகவே ஆதரவு நின்றுபோன இயங்குதளம் நேற்றிருந்த அளவு பாதுகாப்போடு அப்படியே இருப்பதில்லை. மாதாமாதம் பலவீனமாகிக்கொண்டே போகும்.

2017 மே 12-ஆம் தேதி உலகெங்கும் பரவிய வான்னாக்ரையை எடுத்துக்கொள். கணினியில் இருந்த கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வைரஸ் அது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகளே தள்ளிப்போயின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. பழைய விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள் என்று முதலில் பலரும் பேசினார்கள். பிறகு ஆராய்ந்தபோது, பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள் என்று தெரிந்தது. 7-க்கு அப்போது ஆதரவு இருந்தது, அப்டேட்டும் தயாராக இருந்தது, நிறுவத்தான் ஆளில்லை. புதிய விண்டோஸ் வாங்கிவிட்டு அப்டேட்டை நிறுத்திவைப்பவர்களுக்கும், கிராக் போட்டு ஓட்டுபவர்களுக்கும் இது பொருந்தும்.

வீட்டு மூலையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் என்னை யார் தாக்கப்போகிறார்கள் என்று நீ நினைக்கலாம். வான்னாக்ரை ஆள் பார்த்து வரவில்லை. திறந்து கிடக்கும் கணினி எது என்று வலை முழுக்கத் தானே துழாவிக்கொண்டு போனது. ஆன்டிவைரஸ் இருக்கிறதே என்றால், இருக்கட்டும், அவசியம் இருக்கட்டும். விண்டோஸ் 10-இல் இருக்கும் டிஃபெண்டருக்கு 2028 வரை வைரஸ் பட்டியல் வந்துகொண்டிருக்கும். ஆனால் தெரிந்த வைரஸை அடையாளம் காண்பது அதன் வேலை. ஓட்டையை அது அடைக்காது. அப்டேட்டாலேயே கணினி படுத்துவிடுகிறதே என்ற வாதத்தை மட்டும் நான் லேசாகத் தள்ளமாட்டேன். 2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு கோளாறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின, விமானங்கள் பறக்கவில்லை. ஆனால் அந்தக் கோளாறைச் சரிசெய்ததும் கணினிகள் கோப்புகளோடு எழுந்துவிட்டன. வான்னாக்ரை பூட்டிய கோப்புகள் பலருக்குத் திரும்பவே இல்லை. பயமாக இருந்தால் மாத அப்டேட்டை ஒரு வாரம் தள்ளிப் போடு, நிறுத்திவிடாதே.

இப்போது உன் கணினிக்கு வருகிறேன். உன்னுடையது ஏழாம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 11 கேட்பது, சில விதிவிலக்குகள் போக, எட்டாம் தலைமுறை முதல். கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். நன்றாக உழைக்கும் ஒரு கணினியை ஒரு தலைமுறை வித்தியாசத்தில் வாசலிலேயே நிறுத்துவது எனக்கும் நியாயமாகப் படவில்லை. அதற்காக, குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதே. அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. நாம் தேடுவதே அந்த உறுதியைத்தான்.

நேர்வழி ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 10 வைத்திருக்கும் தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் தருகிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினியின் அமைப்புகளை பேக்அப் செய்ய ஒப்புக்கொண்டால் பணம் கட்ட வேண்டியதில்லை. இல்லையென்றால் 30 டாலர். அமைப்புகளில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் பதிவு செய்யும் இணைப்பு தெரியும்.

அந்த அவகாசத்தில் நீ முடிக்க வேண்டிய வேலை உன் பழைய கோப்புகளில் இருக்கிறது. பேஜ்மேக்கரில் வானவில், செந்தமிழ் எழுத்துருக்களில் செய்து வைத்த பத்திரிகைகளும் மலர்களும்தான் உன்னை இந்தக் கணினியோடு கட்டிப்போட்டிருக்கின்றன. பேஜ்மேக்கரை அடோபி மேம்படுத்துவதை நிறுத்தியது 2004-இல். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது 2010-இல். மறுபடி கேட்டு வரக்கூடிய வேலைகளை மட்டும் பொறுக்கி, என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடுக்கு மாற்றிவிடு. ஒற்றெழுத்தும் கிரந்த எழுத்தும் இடம் மாறிப்போகும். ஒருமுறை மெய்ப்புப் பார்த்தே ஆக வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் அதை முடித்தவளுக்கு எந்த இயங்குதளமும் ஒன்றுதான்.

கெடு முடியுமுன் விண்டோஸ் 11 உள்ள கணினி ஒன்றை வாங்கிக்கொள். வாடிக்கையாளர்கள் கோரல்டிராவிலும் போட்டோஷாப்பிலும் கோப்பு அனுப்பும்வரை தொழிலுக்கு விண்டோஸ் தேவை. இந்த ஐ3-ஐ எடைக்குப் போட்டுவிடாதே. எஸ்எஸ்டி மாட்டி லினக்ஸ் மின்ட் 22 ஏற்றினால் 2029 வரை அப்டேட் வரும். வங்கி, மின்னஞ்சல், தட்டச்சு எல்லாவற்றுக்கும் அது போதும். தமிழ்நாட்டில் அரசு தந்த இலவச மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸ் இருந்ததே, லினக்ஸ் நம் பிள்ளைகளுக்குப் புதிதுமல்ல. பேஜ்மேக்கரை விடவே முடியாது என்றால் இந்தக் கணினியில் விண்டோஸ் 10 அப்படியே இருக்கட்டும். இணையத்தை மட்டும் துண்டித்துவிடு.

கடைக்காரரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல். இந்த ஞாயிற்றுக்கிழமையே நீட்டிப்புக்குப் பதிவு செய்துவிட்டு, எல்லாக் கோப்புகளையும் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி பீரோவில் வை.

அன்புடன்,
பெரியப்பா