புதிதாக வந்த வளர்ப்புப் பறவையும் அதன் பிரிவுத் துயரும்

வீட்டில் பறவை வளர்க்கும் வழக்கம் நம் நாட்டில் மிகவும் தொன்மையானது. எனினும் புதிதாக வீட்டிற்குக் கொண்டுவரப்பட்ட பறவை முதல் சில வாரங்களில் அடையும் துயரம் போதிய அளவு கவனிக்கப்படுவதில்லை. வீட்டார் வெளியே புறப்பட்டதும் பறவை இடைவிடாது கத்துகிறது, இரையைத் தொடுவதில்லை, கூண்டின் ஒரே கம்பியில் முன்னும் பின்னும் நடக்கிறது, சில வேளைகளில் தன் இறகுகளைத் தானே பிடுங்குகிறது. இதைப் ‘பிடிவாதம்’ எனக் கருதி அதட்டுவோரும், கூண்டின் மேல் துணியைப் போட்டு மூடுவோரும் பலர். இத்தகைய குடும்பங்கள் ஆலோசனை கேட்டு வருவது பெரும்பாலும் கால்நடைக் களப்பணியாளரிடமும் பள்ளி ஆசிரியரிடமுமே ஆகும். அவர்களுக்குப் பயன்படும் செய்திகள் இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன.

எப்பறவையை வளர்க்கலாம்?

இக்கேள்வி முதலில் தீர்க்கப்பட வேண்டும். கோயம்புத்தூருக்கும் பாலக்காட்டிற்கும் இடையே எல்லையில் அமைந்த வாளையார்ப் பகுதியில் இது மேலும் முக்கியமானது. இங்கும், சித்தூர், பொள்ளாச்சி வட்டாரங்களிலும் தென்னை, பனை மரங்களின் பொந்துகளில் பச்சைக்கிளிகள் குஞ்சு பொரிக்கின்றன. பொந்திலிருந்து குஞ்சை எடுத்து வளர்ப்பது எளிதாகத் தோன்றலாம். ஆனால் அது குற்றமாகும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடித்தலும், விற்றலும், வீட்டில் வைத்திருத்தலும் தடை செய்யப்பட்டுள்ளன. மலைத்தொடரில் வாழும் நீலச்சிறகுக் கிளிக்கும் இத்தடை பொருந்தும்.

கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்ற பெயரில் விற்கப்படும் பட்ஜரிகரும், கொண்டை உடைய காக்கட்டீலும் ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டவை; கூண்டிலேயே பல தலைமுறைகளாக இனப்பெருக்கம் செய்யப்பட்டு வருபவை. இவற்றை வளர்க்கலாம். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்கா போன்று சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் இடம்பெற்ற அயல்நாட்டுப் பறவைகளை வைத்திருப்போர் 2024-ஆம் ஆண்டின் விதிகளின்படி அவற்றை அரசிடம் பதிவு செய்தல் வேண்டும்.

கத்துவதன் காரணம்

கிளி இனப் பறவைகள் கூட்டமாக வாழும் இயல்புடையவை. கூட்டத்தினின்று தனித்துவிடும் பறவையைப் பருந்து எளிதில் பற்றிவிடும். ஆகவே துணை கண்ணுக்கு மறைந்ததும் குரல் கொடுத்து, மறுகுரல் வரும்வரை காத்திருத்தல் இவற்றின் உயிர்காக்கும் பழக்கமாக அமைந்துள்ளது. இதைத் தொடர்புக் குரல் என்பர்.

இக்குரல் எத்துணை நுட்பமானது என்பதை வெனிசுவேலாவில் நடந்த ஓர் ஆய்வு காட்டிற்று. அங்கு வாழும் ஒருவகைச் சிறு கிளிகளைக் காரல் பெர்க் என்பவரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2011-இல் முடிவை வெளியிட்டனர். ஒவ்வொரு குஞ்சுக்கும் உரிய தொடர்புக் குரல், அதை வளர்க்கும் பெற்றோரின் குரலைப் பின்பற்றி அமைகிறது என்று அவர்கள் கண்டனர். முட்டைகளை ஒரு கூட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி வைத்தபோது, குஞ்சுகள் பெற்ற தாயின் குரலை அன்றி வளர்த்த தாயின் குரலையே கற்றன. அதாவது ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவள் அல்லது சேர்ந்தவன் என்ற அடையாளம் பறவைக்குக் குரலின் வழியே கிடைக்கிறது.

இதிலிருந்து ஒன்று விளங்கும். கடையிலிருந்தோ வேறு வீட்டிலிருந்தோ வந்த பறவை தன் கூட்டத்தை ஒரே நாளில் இழந்துவிட்டது. புதிய வீட்டாரையே அது கூட்டமாகக் கொள்ளத் தொடங்குகிறது. அவர்களும் காலையில் புறப்பட்டு மறைந்துவிட்டால், மறுகுரல் கிடைக்காத பறவை மேலும் உரக்கக் கத்துவது இயல்பேயாகும்.

தனிமையால் விளையும் கேடு

ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிகளின் இரத்த அணுக்கள் ஆராயப்பட்டு, முடிவு 2014-இல் வெளியிடப்பட்டது. உயிரணுக்களில் உள்ள நிறமூர்த்தங்களின் நுனிப்பகுதி வயது ஏற ஏறக் குறுகுவது வழக்கம். தனியாக வைக்கப்பட்ட 9 வயதுக் கிளிகளின் நுனிப்பகுதி, இணையுடன் வாழ்ந்தவையும் அவற்றினும் 23 ஆண்டுகள் மூத்தவையுமான கிளிகளின் நுனிப்பகுதிக்கு ஒப்பாகக் குறுகியிருந்தது. தனிமை மனத்தை மட்டுமன்றி உடலையும் தேய்க்கிறது என்பதற்கு இது சான்றாகும்.

அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், ஆரஞ்சு இறகு அமேசான் கிளிகளைக் கொண்டு நடந்த ஆய்வுகள் 2003-ஆம் ஆண்டளவில் வெளிவந்தன. துணையுடன் வளர்ந்த இளங்கிளிகளிடம் பயனற்ற அசைவுகளைத் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கம் தடைப்பட்டது. இரையைத் தேடிப் பெறும் வாய்ப்பு அளிக்கப்பட்ட கிளிகளிடம் இறகு பிடுங்கும் பழக்கம் குறைந்தது. ஏற்கனவே பிடுங்கியவையும் தேறின. துணையுடன் வாழும் பறவை மனிதரிடம் பழகாது என்று பலர் கருதுகின்றனர். இவ்வாய்வு அக்கருத்தை ஆதரிக்கவில்லை.

முதல் மாதம் கைக்கொள்ள வேண்டிய முறை

முதல் மூன்று நாட்கள் பறவையை அமைதியாக விடுதல் நலம். கூண்டின் ஒரு பக்கமேனும் சுவரை ஒட்டி இருக்கட்டும்; எல்லாத் திசையும் திறந்திருந்தால் அச்சம் தணியாது. முன்பு உண்ட தானியத்தையே கொடுத்து, புதிய உணவைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருளும் ஓய்வும் தேவை. பாலக்காட்டுக் கணவாயின் வழியே வீசும் காற்று நேரே படும் சாளரமும், கோடையின் நண்பகல் வெயில் விழும் திண்ணையும் கூண்டுக்கு ஏற்ற இடங்கள் அல்ல.

நான்காம் நாள் முதல் பிரிவுப் பயிற்சி தொடங்கலாம். அதன் படிகள் பின்வருமாறு:

1. வீட்டார் ஒரு சீழ்க்கையையோ ஒரு சொல்லையோ தொடர்புக் குரலாகத் தேர்ந்துகொள்ள வேண்டும். அடுத்த அறையிலிருந்து பறவை மெல்லக் குரல் கொடுக்கும்போதெல்லாம் அதனால் மறுமொழி கூறுக. உரத்த அலறலுக்குப் பதில் அலறல் கூடாது. அது பறவைக்கு ஊக்கமாகவே முடியும்.

2. சாவியை எடுத்தல், செருப்பை அணிதல், பையைத் தோளில் மாட்டுதல் ஆகியவை புறப்பாட்டின் அறிகுறிகள் என்பதைப் பறவை விரைவில் கற்றுக்கொள்ளும். புறப்படாத வேளைகளிலும் இவற்றைச் செய்து, பின் அமர்ந்துவிட வேண்டும். அறிகுறிக்கும் பிரிவுக்கும் உள்ள தொடர்பு இவ்வாறு தளரும்.

3. முதலில் அரை நிமிடம் மட்டும் அறையை விட்டு நீங்கி, பறவை கலங்கும் முன்னரே திரும்புக. பின்னர் இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம், கால் மணி என நீட்டுக. பறவை கலங்கினால் முந்தைய படிக்குத் திரும்புதல் வேண்டும், அவசரம் கூடாது.

4. புறப்படும் வேளையில் பறவைக்கு ஒரு வேலை கொடுத்துச் செல்க. தினைக் கதிர், காகிதத்தில் மடித்த தானியம், கூண்டின் கம்பியில் கட்டிய முருங்கைக் கீரை அல்லது கொத்துமல்லி போதுமானது.

5. புறப்பாடும் வருகையும் ஆரவாரமின்றி நிகழட்டும். நீண்ட விடைபெறுதல் பிரிவைப் பெரிதாக்கிக் காட்டும்.

கூண்டை விட்டு வெளியே விடும்போது மின்விசிறியை நிறுத்தி, கதவையும் சாளரத்தையும் சாத்த வேண்டும். வெண்ணெய்ப் பழமும் சாக்லேட்டும் பறவைக்கு நஞ்சு. ஒட்டாத பூச்சுடைய வாணலி அளவுக்கு மீறிச் சூடேறினால் எழும் ஆவி பறவையைக் கொல்லும். ஆகவே சமையலறையில் கூண்டு வைக்கலாகாது.

பகல் முழுதும் ஆளில்லாத வீட்டிற்கு ஒற்றைப் பறவை தகாது. துணைப் பறவை வாங்கினால் முதல் 30 நாட்கள் வேறு அறையில் வைத்து, நோயில்லை என்று உறுதி செய்த பின்னரே அருகில் கொணர வேண்டும். எச்சத்தூளின் வழியே மனிதருக்குப் பரவும் கிளிக்காய்ச்சல் உண்டாதலால் கூண்டை ஈரத் துணியால் துடைத்துக் கையைக் கழுவுதல் அவசியம்.

இத்துயரின் அறிகுறிகள் பல, நோயின் அறிகுறிகளும் ஆகும். பறவைகள் நோயை மறைக்கும் இயல்புடையவை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் அடியில் அமர்ந்திருக்கும் பறவையையும், ஒரு நாள் முழுதும் இரை எடுக்காத சிறு பறவையையும் பயிற்சிக்கு உட்படுத்தாமல் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஒப்படைக்கப்படும் கிளிகள்

சட்டத்தை அறியாமல் பல ஆண்டுகள் பச்சைக்கிளியை வளர்த்த குடும்பங்களும் உண்டு. 2023-இல் கோவை வனக்கோட்டம் இத்தகைய கிளிகளை ஒப்படைக்குமாறு பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. அச்சத்தினால் சிலர் கிளியைத் தோப்பில் பறக்கவிட எண்ணக்கூடும். அது கருணை அன்று. குஞ்சுப் பருவம் முதல் கையில் உண்ட கிளிக்கு இரை தேடவோ பருந்தைக் கண்டு ஒளியவோ தெரியாது. சிறகு வெட்டப்பட்டிருந்தால் பறக்கவும் இயலாது. எல்லைக்கு மேற்கே கேரள வனத்துறையின் வாளையார் வனச்சரகத்திலும், கிழக்கே தமிழ்நாடு வனத்துறையின் மதுக்கரை வனச்சரகத்திலும் அதை ஒப்படைப்பதே முறை.

இதிலும் பிரிவுத் துயர் உண்டு. பறவைக்கு மட்டுமன்று, அதை வளர்த்த முதியவருக்கும் சிறுவருக்கும் உண்டு. களப்பணியாளர் குடும்பத்தாரைக் குற்றவாளிகளைப் போல நடத்தாமல், கிளியின் வயது, அது உண்ணும் உணவு, உறங்கும் நேரம், அது அறிந்த சொற்கள், அதை அழைக்கும் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வாங்கிக் கூண்டுடன் சேர்த்து அனுப்புவாராக. அத்தாளில் உள்ள பெயரைச் சொல்லிப் புதிய காப்பாளர் அழைக்கும்போது, கிளிக்குத் தெரிந்த ஒன்றேனும் அவ்விடத்தில் இருக்கும்.

வகுப்பறைப் பயிற்சி

பறவை வளர்க்கும் மாணவரைக் கொண்டு 14 நாட்கள் ஓர் அட்டவணை எழுதச் செய்யலாம். வீட்டார் புறப்பட்ட நேரம், பறவை கத்தத் தொடங்கிய நேரம், அடங்கிய நேரம், மாலையில் எஞ்சிய தானியத்தின் அளவு ஆகிய நான்கும் அதில் இடம்பெறட்டும். வீட்டில் எவரும் இல்லாத வேளையில் அண்டை வீட்டார் கேட்டுச் சொல்வதைக் குறித்துக்கொள்ளலாம். முதல் வாரத்தின் எண்களை இரண்டாம் வாரத்தின் எண்களோடு ஒப்பிட்டு, பயிற்சி பயன் தந்ததா என்பதை மாணவரே முடிவு செய்யட்டும். பறவை இல்லாத மாணவர், பள்ளியின் அருகிலுள்ள பனைமரத்தில் மாலையில் வந்தடையும் கிளிகளைத் தொலைவில் நின்று கவனித்து, பிந்தி வரும் ஒரு கிளி குரல் கொடுத்தபின் மறுகுரல் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று எழுதலாம்.