உழவும் கலையும்

உழவர் உழைப்பால் உணவு விளைகிறது. கலைஞர் உழைப்பால் உள்ளம் மகிழ்கிறது. இவ்விருவரும் ஒரே நிலத்தில் கூடித் தொழில் செய்தல் இயலுமோ? அதற்குப் பொருள் தருவார் யார்? அப்பொருளால் உழவர்க்கு விளையும் நன்மை யாது? இவ்வினாக்களுக்கு ஜப்பான் நாட்டு மலையூர்கள் சில தம் செயலால் விடை தந்துள்ளன.

அந்நாட்டின் நீகாட்டா மாகாணத்தின் தென்பகுதியில் எச்சிகோ-சுமாரி என்னும் மலைநிலம் உள்ளது. தோக்காமாச்சி நகரும் சுனான் ஊரும் அடங்கிய இதன் பரப்பு ஏறத்தாழ 760 சதுரக் கிலோமீட்டர் ஆகும். குளிர்காலத்தில் இங்கே ஆளுயரத்திற்கு மேலும் பனி குவிந்து கிடக்கும். மலைச்சரிவுகளைப் படிபடியாக வெட்டி, வரப்புக் கட்டி, நீர் தேக்கி, மக்கள் தலைமுறை தலைமுறையாக நெல் விளைத்து வந்தனர். பெரிய எந்திரங்கள் செல்ல இயலாத அச்சிறு வயல்களில் உழைப்போ மிகுதி, வருவாயோ குறைவு. ஆதலின் இளைஞர் நகரங்களை நாடிச் சென்றனர். முதியோரே ஊரில் எஞ்சினர். வயல்களில் புதர் மண்டியது, வீடுகள் பூட்டிக் கிடந்தன, பள்ளிகளும் மூடப்பட்டன.

இந்நிலையை மாற்ற விரும்பிய மாகாண அரசும் உள்ளூராட்சி மன்றங்களும் பொருளுதவி செய்ய முன்வந்தன. வயலையும் ஊரையுமே அரங்காகக் கொண்டு, மூன்றாண்டுக்கு ஒருமுறை கலைவிழா நடத்தத் திட்டம் வகுத்தார் பிராம் கிட்டகாவா என்பவர். ஊரார் அதனை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. பொதுப்பணத்தைக் கலைக்குச் செலவிடுதல் தகுமோ என்று பலர் எதிர்த்தனர். அவர் ஊர்தோறும் சென்று, கூட்டங்கள் கூட்டிப் பொறுமையுடன் விளக்கினார். முதல் விழா 2000ஆம் ஆண்டில் நடைபெற்றது.

அவ்விழாவிற்கெனச் சோவியத்து நாட்டிற் பிறந்த கலைஞர் இலியா கபக்கோவும் அவர் மனைவி எமிலியாவும் படைத்தது ‘நெல்வயல்கள்’ என்னும் படைப்பாகும். அதற்குத் தேர்ந்த நிலத்திற்கு உரிய முதியவர், உடல் நலிவினால் உழவையே விட்டுவிட எண்ணியிருந்தார். முன்னோர் வழிவந்த மண்ணில் சிலைகள் நாட்டுதற்கு அவர் முதலில் இசையவில்லை. கலைஞர்களோ, உழுதல் முதல் விளைவை விற்றல் வரை உழவர் ஆண்டு முழுதும் படும் பாட்டை ஐந்து காட்சிகளாக வரைந்து காட்டினர். அவற்றைக் கண்டதும் முதியவர் உள்ளம் நெகிழ்ந்து இசைவு தந்தார். நீலமும் மஞ்சளுமான உருவங்கள் வயற்படிகளில் நின்றன. எதிரேயுள்ள மேடையிலிருந்து நோக்குவார்க்கு, அங்குத் தொங்கும் எழுத்துகளும் வயலில் நிற்கும் உருவங்களும் ஒரு நூலின் பக்கம்போல் இணைந்து தோன்றும். சுற்றிலும் நெல் விளைந்தாலன்றி அப்படைப்பு நிறைவு பெறாது. விட்டுவிட எண்ணிய உழவை அம்முதியவர் மேலும் சில ஆண்டுகள் தொடர்ந்தார். அவருக்குப் பின் விழாவினரே அவ்வயலைப் பேணலாயினர்.

விழாவினர் வயல்களுக்கென ஒரு வங்கியும் அமைத்தனர். நகரத்தார் ஆண்டுதோறும் ஒரு தொகை செலுத்தி அதில் சேர்வர். நடவுக்கும் அறுவடைக்கும் வந்து உழைப்பர். விளைந்த அரிசியில் பங்கு பெறுவர். 2004ஆம் ஆண்டில் நிலநடுக்கம் அப்பகுதியைத் தாக்கியபோது, விழாத் தொண்டர்கள் விரைந்து சென்று ஊரார்க்கு உதவினர். 2015ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மகளிர் காற்பந்துக் குழுவினர் அங்கேயே குடியேறி, விளையாட்டோடு வயல்வேலையும் செய்து வருகின்றனர்.

இவற்றால் அவ்வூர்களின் குறை யாவும் நீங்கிவிட்டன என்று கூறுதல் பொருந்தாது. மக்கள்தொகை இன்னும் குறைந்தே வருகிறது. ஆயினும், தரிசாக வேண்டிய வயல்கள் பலவற்றில் இன்றும் நெற்கதிர் அசைகின்றது. கலைக்கு ஈந்த பொருள் சிலையோடு நின்றுவிடாமல், வரப்பைக் காக்கவும் நாற்று நடவும் பயன்பட்டமையே இதற்குக் காரணம். உழவரின் இசைவைப் பெற்று, அவர்தம் உழைப்பை மதித்து அமையும் கலையே ஊருக்குத் துணையாகும். அத்தகைய கலைக்கு அளிக்கும் பொருள் நன்னிலத்தில் இட்ட வித்தாகும்.